கணினியில் 240 மில்லிவாட், மேசையில் 95: குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டரில் காணாமற்போன 4 டெசிபெல்

கேள்வி: அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று, 40 மீட்டர் அலைவரிசையில் விஸ்பர் சமிக்ஞை (மிகக் குறைந்த சக்தியில் அனுப்பி, எங்கெல்லாம் கேட்கிறது என்பதைப் பிற நிலையங்களின் அறிக்கைகளால் அறியும் முறை) அனுப்புவதற்காகச் சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் செய்திருக்கிறேன். அதிர்வெண்ணை உருவாக்கும் எஸ்ஐ5351ஏ தொகுதி, அதன் பின்னால் சக்தியைப் பெருக்க ஒரே ஒரு பிஎஸ்170 மாஸ்ஃபெட், உயர் அதிர்வெண்களைத் தடுக்க ஏழு உறுப்பு லோ பாஸ் ஃபில்டர், யுஎஸ்பி வழியாக 5 வோல்ட். எல்டிஸ்பைஸ் என்ற சுற்று சிமுலேட்டரில் வரைந்து ஓட்டியபோது 50 ஓம் சுமையில் 240 மில்லிவாட் காட்டியது. மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் வேண்டாத சமிக்ஞை) முதன்மைச் சமிக்ஞையைவிட 60 டெசிபெலுக்கும் அதிகமாகத் தாழ்ந்திருந்தது. கட்டி முடித்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் 6.2 வோல்ட் உச்சத்துக்கு உச்சம்தான் வருகிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 95 மில்லிவாட். ஒவ்வொரு உதிரியாக மாற்றிப் பார்த்து, விஸ்பர் அறிக்கைகளில் முன்னேற்றம் தெரிகிறதா என்று கவனிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. சிமுலேட்டரை நம்பலாமா? ஹார்மோனிக் விஷயத்திலாவது அதன் சொல்லை ஏற்கலாமா?

பதில்: சிமுலேட்டர் நீங்கள் வரைந்த சுற்றுக்குச் சரியான விடையைத்தான் சொல்லியிருக்கிறது. மேசைமேல் இருப்பது வேறொரு சுற்று. உதிரிகளை மாற்றுவதை இன்றே நிறுத்திவிட்டு, மேசையில் உள்ளதை அளந்து, அளந்ததை வரைபடத்துக்குள் கொண்டு போங்கள். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லத் தொடங்கிய பிறகு, எந்த உதிரியை மாற்ற வேண்டும் என்பதை வரைபடமே காட்டிக் கொடுக்கும்.

முதலில் 240 என்பது நியாயமான எண்தானா என்று பார்ப்போம். மாஸ்ஃபெட்டின் வெளியீட்டு முனையான டிரெய்னில் சோக் சுருள் (டிசியை விட்டு, வானொலி அதிர்வெண்ணைத் தடுக்கும் சுருள்) வைத்து 50 ஓம் சுமையை நேரடியாக இயக்கும்போது, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைச் சுமையின் இருமடங்கால் வகுத்தால் தோராயமான மேல் எல்லை கிடைக்கும். 25ஐ 100ஆல் வகுத்தால் 250 மில்லிவாட். ஆகவே சிமுலேட்டர் சொன்னது சாத்தியமான எண்தான், ஆனால் விளிம்பில் நிற்கும் எண். எல்லாம் சரியாக அமைந்தால் மட்டுமே கிடைப்பது. 240க்கும் 95க்கும் இடையில் உள்ள வேறுபாடு 4 டெசிபெல். இந்த 4 டெசிபெல் எங்கெங்கே போயிற்று என்று வரவு செலவு எழுதுவதுதான் வேலை.

அதற்கு முன் ஒன்று: உங்கள் ஆசிலோஸ்கோப் புரோப்பின் (அளக்கும் முனையின்) சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது? கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. என் முதல் சந்தேகம் அங்கேதான். சாதாரண புரோப்பின் 1 மடங்கு நிலையில் அலைவரிசை அகலம் பெரும்பாலும் 6 மெகாஹெர்ட்ஸ் அளவோடு முடிந்துவிடும். நீங்கள் அளப்பதோ 7.04 மெகாஹெர்ட்ஸ். அந்த நிலையில் உண்மையான 9.8 வோல்ட் திரையில் 6.4 வோல்ட்டாகத் தெரிய முழு வாய்ப்பு உண்டு. 9.8 வோல்ட் என்றால் சரியாக 240 மில்லிவாட்! போதாக்குறைக்கு, 1 மடங்கு நிலையில் புரோப்பும் அதன் கேபிளும் சேர்ந்து 100 பைக்கோஃபாரட் அளவு மின்தேக்கத்தைச் சுற்றின் மேல் ஏற்றுகின்றன. 10 மடங்கு நிலைக்கு மாற்றி, ஆசிலோஸ்கோப்பின் சதுர அலை முனையில் புரோப்பைச் சரிசெய்துகொண்டு, தரை வயரை முடிந்தவரை குட்டையாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள். சுமையாக இரண்டு 100 ஓம் மெட்டல் ஃபிலிம் மின்தடைகளை இணையாக வைத்தால் போதும். கம்பி சுற்றிய மின்தடை கூடவே கூடாது. அது இந்த அதிர்வெண்ணில் ஒரு சுருள்.

ஆசிலோஸ்கோப்பை இன்னொரு வழியில் சோதிக்கவும் முடியும். சுமையின் குறுக்கே ஒரு 1என்4148 டையோடு, அதைத் தொடர்ந்து 10 நானோஃபாரட் மின்தேக்கி, அதன் மேல் மல்டிமீட்டரின் டிசி நிலை. வரும் எண்ணோடு 0.6ஐக் கூட்டி, வர்க்கப்படுத்தி, 100ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். இரு வழிகளும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

புரோப் சரியாக இருந்தும் 95தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாக, டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சோக் சுருளின் மேல்முனையில் டிசி மின்னழுத்தத்தை அளங்கள். மெல்லிய யுஎஸ்பி கேபிள்களில் அது 4.6 வோல்ட்டுக்கு இறங்குவது சர்வ சாதாரணம். சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்வதால் அதிலேயே 0.7 டெசிபெல் போய்விடுகிறது. சிமுலேட்டரில் 5 வோல்ட் மூலத்துக்கு உள்மின்தடை என்பதே கிடையாது. அளந்த எண்ணை அங்கே போடுங்கள்.

ஃபில்டர் சுருள்களின் இழப்பைப் பலரும் பெரிதாக எண்ணுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1.38 மைக்ரோஹென்றி சுருளுக்கு 7.04 மெகாஹெர்ட்ஸில் 61 ஓம் எதிர்வினைப்பு. அதன் தரக் காரணி 150 என்று கொண்டால் தொடர் மின்தடை 0.4 ஓம்தான். மூன்று சுருள்களுக்கும் இப்படி எழுதிச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்; ஒரு டெசிபெலில் சிறு பகுதியே போகும். ஆனால் ஃபில்டரின் வெட்டு அதிர்வெண் இடம் மாறியிருந்தால் கதையே வேறு. டொராய்டு (வளைய வடிவ) சுருளில் கம்பி துளை வழியாக ஒருமுறை போனாலே அது ஒரு சுற்று. வெளிப்பக்கம் தெரியும் வளையங்களை எண்ணுபவர்கள் 21க்குப் பதில் 22 சுற்றிவிடுவார்கள். தூண்டம் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு வளர்வதால் அந்த ஒரு சுற்றே கிட்டத்தட்ட 10 சதவீதம். டி37-6 என்ற மஞ்சள் வளையத்துக்குப் பதில் டி37-2 என்ற சிவப்பு வளையம் கைக்கு வந்திருந்தால், அதே 21 சுற்றில் 1.32க்குப் பதில் 1.76 மைக்ரோஹென்றி வரும். அப்போது ஃபில்டர் உங்கள் சொந்த சமிக்ஞையையே அடக்கத் தொடங்கிவிடும். மின்தேக்கிகள் சி0ஜி அல்லது என்பி0 வகைதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்7ஆர் வகைக்கு இங்கே இடமில்லை. அதிர்வெண் வளைவை அளக்கும் நானோவிஎன்ஏ கருவி கையில் இருந்தால் ஃபில்டரை மட்டும் தனியே அதில் மாட்டி வளைவை எடுத்து, சிமுலேட்டர் வளைவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்: மாஸ்ஃபெட்டின் உள்ளீட்டு முனையான கேட். புரோப் குற்றமற்றது என்றால் உங்கள் 4 டெசிபெலில் பெரும்பகுதி இங்கேதான் தொலைந்திருக்கும் என்பது என் கணிப்பு. பிஎஸ்170 எந்த மின்னழுத்தத்தில் கடத்தத் தொடங்கும் என்பதற்கு, தயாரிப்பாளர் தரும் வரம்பு 0.8 முதல் 3 வோல்ட் வரை. அவ்வளவு அகலம். சிமுலேட்டரில் உள்ள மாதிரிக்கோ ஒரே ஒரு எண். எஸ்ஐ5351ஏ தருவது ஏறத்தாழ 3.3 வோல்ட் சதுர அலை. அதை மின்தேக்கி வழியாகக் கேட்டுக்குக் கொடுத்தால், பயாஸ் மின்னழுத்தத்துக்கு (கேட்டில் நிலையாக வைக்கும் டிசி அளவுக்கு) மேலே 1.65 வோல்ட் வரைதான் எட்டும். 5 வோல்ட்டில் முழுச் சக்தி வர டிரெய்ன் மின்னோட்டம் உச்சத்தில் 200 மில்லியாம்பியர் அளவுக்குப் போக வேண்டும். மாதிரியின் தொடக்க மின்னழுத்தம் 1.8 ஆகவும் உங்கள் கையில் உள்ள மாஸ்ஃபெட்டுக்கு அது 2.6 ஆகவும் இருந்தால், அதே பயாஸ் மின்தடைகளோடு அந்த 200ஐ எட்டவே முடியாது.

இதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. மாஸ்ஃபெட்டைச் சுற்றிலிருந்து கழற்றி, கேட்டையும் டிரெய்னையும் ஒன்றாக இணையுங்கள். அந்த இணைப்புக்கு 5 வோல்ட்டிலிருந்து 2.7 கிலோஓம் மின்தடை வழியாக மின்சாரம் கொடுத்து, சோர்ஸைத் தரையில் வையுங்கள். ஏறக்குறைய 1 மில்லியாம்பியர் ஓடும். இப்போது கேட்டுக்கும் தரைக்கும் இடையில் மல்டிமீட்டர் காட்டுவதுதான் உங்கள் மாஸ்ஃபெட்டின் தொடக்க மின்னழுத்தம். அந்த எண்ணை மாதிரியின் ‘விடிஓ’ அளவுருவில் எழுதுங்கள். சதுர அலை மூலத்துக்கு 50 ஓம் தொடர் மின்தடையும் ஒரு நானோவினாடி ஏறுநேரமும் கொடுங்கள். 95க்கு அருகே ஓர் எண் சிமுலேட்டரில் வந்தால், காரணம் பிடிபட்டுவிட்டது. மருந்து எளிது: பயாஸுக்கு ஒரு சரிசெய் மின்தடை. சமிக்ஞை இல்லாத நிலையில் டிரெய்னில் சில மில்லியாம்பியர் ஓடும் அளவுக்கு மெல்ல உயர்த்தி நிறுத்துங்கள். அதைத் தாண்டி ஏற்றினால் வெப்பம்தான் மிச்சம்.

கேட் மின்தேக்கத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு பிஎஸ்170க்கு அது பெரிய குற்றவாளி அல்ல. 28 மெகாஹெர்ட்ஸுக்குப் போகும்போது அதைக் கவனித்தால் போதும்.

ஹார்மோனிக் கேள்விக்கு என் பதில் கறாரானது: இப்போதைய வரைபடம் காட்டும் 60 டெசிபெலை ஏற்காதீர்கள். முதலில் சிமுலேட்டரின் உள்விவகாரம் ஒன்று. எல்டிஸ்பைஸ் அலைவடிவத் தரவைச் சுருக்கிச் சேமிக்கிறது; அந்தச் சுருக்கம் எஃப்எஃப்டி (சமிக்ஞையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும்) வரைபடத்தில் பொய்யான தரைமட்டத்தை உண்டாக்கும். ‘பிளாட்வின்சைஸ்’ அமைப்பைச் சுழியமாக்குங்கள். அதிகபட்சக் காலப்படியை ஒரு நானோவினாடிக்கு மிகாமல் வையுங்கள். தொடக்கத் தள்ளாட்டம் அடங்கிய பிறகு முழு எண்ணிக்கையான சுழற்சிகளை மட்டும் எடுத்து எஃப்எஃப்டி போடுங்கள்.

அடுத்தது, வரைபடத்தில் இல்லாத கம்பி. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்குத் தோராயமாக ஒரு நானோஹென்றி. ஃபில்டரின் 680 பைக்கோஃபாரட் மின்தேக்கியின் இரு கால்களும் சேர்ந்து 2 சென்டிமீட்டர் என்றால் 20 நானோஹென்றி. இந்த இணை 43 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, அதற்கு மேலே மின்தேக்கியாக இருப்பதையே விட்டுவிட்டுச் சுருளாக நடந்துகொள்ளும். ஐந்தாம் ஹார்மோனிக் 35 மெகாஹெர்ட்ஸில் நன்றாக அடங்கியிருக்க, ஒன்பதாவது, பதினோராவது ஹார்மோனிக்குகள் அலட்டிக்கொள்ளாமல் வெளியேறும். சதுர அலையால் இயங்கும் சுற்றில் இந்த உயர் ஹார்மோனிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு மின்தேக்கியோடும் அந்த 20 நானோஹென்றியைத் தொடராக வரைந்து ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிரெட்போர்டில் ஃபில்டர் கட்டியிருந்தால் தயவுசெய்து அதைக் கழற்றிவிட்டுச் செப்புத் தகட்டின் மேல் குட்டைக் கால்களோடு கட்டுங்கள். கூடவே, ஆன்டெனா 50 ஓம் அல்ல என்பதை நினைவில் வைத்துச் சுமையை 25, 100, 200 ஓம் என மாற்றியும் ஓட்டிப் பாருங்கள்.

கடைசிச் சொல் அளவீட்டுக்குத்தான். எஸ்டிஆர் (மென்பொருள் வழி இயங்கும்) ரிசீவர் இருந்தால் டம்மி லோடிலிருந்து (ஆன்டெனாவுக்குப் பதிலாக வைத்த 50 ஓம் சுமையிலிருந்து), சமிக்ஞையைக் குறைக்கும் கனமான அட்டெனுவேட்டர் வழியாகச் சமிக்ஞையைக் கொடுத்து 21.12 மெகாஹெர்ட்ஸில் பாருங்கள். பிறகு இன்னொரு 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் சேருங்கள். மூன்றாம் ஹார்மோனிக்கும் 10 டெசிபெல் இறங்கினால் அது உங்கள் டிரான்ஸ்மிட்டருடையது. 30 டெசிபெல் இறங்கினால் அதை உற்பத்தி செய்வது ரிசீவரே. 50 டெசிபெல் அடக்கத்தை இலக்காக வைப்பது நல்லது. சக்தி குறைவு என்பதற்காக உரிம நிபந்தனையில் அலட்சியம் காட்டக் கூடாது. விஸ்பர் வெகுதூரம் எட்டும் என்பதால்தானே நாம் இதைச் செய்கிறோம், ஹார்மோனிக்கும் அதேபோல் எட்டும்.

உதிரியை மாற்றிவிட்டு விஸ்பர் அறிக்கைகளைப் பார்ப்பது ஏன் பயன் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட இந்த முறை, 2500 ஹெர்ட்ஸ் அலைவரிசை இரைச்சலுக்கு 28 டெசிபெல் கீழே புதைந்த சமிக்ஞையையும் எடுத்துவிடும். அப்படிப்பட்ட முறையில் 4 டெசிபெல் குறைந்தாலும் சமிக்ஞை கண்டம் தாண்டிப் போகும். மறுபுறம், அயனமண்டலத்தின் ஏற்ற இறக்கத்தால் அதே பாதையில் அடுத்தடுத்த அறிக்கைகள் 10 டெசிபெல் மாறுவது சகஜம். அதற்குள் உங்கள் பயாஸ் மாற்றம் தந்த 2 டெசிபெலைத் தேடினால் கிடைக்காது. சுற்றை டம்மி லோடில் ஒப்பிடுங்கள். ஆன்டெனாவையும் பாதையையும் அறியத்தான் வானலை அறிக்கைகள்.

அந்த அறிக்கைகளைப் படிப்பவர்களுக்காக ஒரு திருத்தம் செய்ய வேண்டும். விஸ்பர் செய்தியில் அழைப்புக் குறி, இடக் குறியீட்டோடு சக்தியும் டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அளவில் போகிறது. 0, 3, 7 என்று முடியும் எண்களுக்கு மட்டுமே அதில் இடம். சிமுலேட்டரை நம்பி 23 என்று பதிந்திருந்தால், அளந்து உறுதிசெய்யும்வரை 20 என்று மாற்றுங்கள். தவறான எண் உங்களோடு நிற்காது. அதை வைத்துப் பாதை இழப்பைக் கணக்கிடுபவர்களையும் கெடுக்கும்.

பெட்டிக்குள் அடைக்கும்போது பிஎஸ்170ஐ எஸ்ஐ5351ஏ தொகுதியின் 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து தள்ளி வையுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்வு என்றாலே 7 ஹெர்ட்ஸ். விஸ்பர் தொனிகளுக்கிடையே உள்ள இடைவெளியோ 1.46 ஹெர்ட்ஸ்தான். 110.6 விநாடி ஒலிபரப்பின்போது மாஸ்ஃபெட்டின் வெப்பம் படிகத்தை எட்டினால், அதிர்வெண் நழுவி நல்ல சமிக்ஞைகூடப் படிக்கப்படாமல் போகும். அறிக்கைகளில் ‘டிரிஃப்ட்’ நிரல் தொடர்ந்து சுழியம் காட்டினால் வெப்பம் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. 2, 3 என்று வந்தால் படிகத்தின் மேல் ஒரு துண்டு நுரைப்பஞ்சை ஒட்டி, டிரான்ஸ்மிட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள்.