கட்டிலில் படுத்தபடி ஒரு போராட்டம்

அன்புள்ள ஐயா,

கரூர் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பழைய மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள், காது கேளாதவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் என்று எல்லோரும் உண்டு. படம் வரைவோம், சின்னதாக நாடகம் போடுவோம். இந்த வருஷம் மாற்றுத்திறனாளி அட்டை சரிபார்ப்பு என்று சொல்லி அவர்களில் மூன்று பேருக்கு மாத உதவித்தொகை நின்றுவிட்டது. அதையே நாடகமாகப் போடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். "சோத்துக்கே வழியில்ல, கூத்து ஒரு கேடா? கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க" என்கிறார்கள் பெற்றோர். இதற்கு நடுவில் ஒரு அமைப்பு, ஓட்டலில் நடக்கும் நிதி திரட்டும் விழாவில் பிள்ளைகளை ஆட வைக்க முடியுமா என்று கேட்கிறது. பணம் வரும். கஷ்ட காலத்தில் கலை வீண் வேலைதானா?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

மனு முதலில் போகட்டும். ரசீது வாங்காமல் வராதீர்கள். பெற்றோர் சொல்வதில் அவ்வளவு நியாயம் இருக்கிறது. ஆனால் மனு கொடுத்தவன் நாடகம் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்ததுதான் பிரிட்டனிலும் பெரிய அளவில் நடந்தது. 2010க்குப் பிறகு அங்கே சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் உதவித்தொகைகளில் கை வைத்தார்கள். 2013 ஏப்ரலில் பழைய உதவித்தொகைக்குப் பதிலாகப் புதியது வந்தது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களும் மறுபடி பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றானது. லிஸ் க்ரோ என்ற கலைஞருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். வெளியே சக்கர நாற்காலியில் வரும்போது சுறுசுறுப்பாகத் தெரிவார். வீட்டில் நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்க வேண்டும். அந்தப் பாதியை அவர் ஊருக்குக் காட்டியதில்லை. இப்போதோ, வெளியே தெரியும் பாதியை மட்டும் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறாய், ஏமாற்றுகிறாயா" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

அவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதே ஏப்ரல் மாதம், சாலிஸ்பரி நகரத்தின் கலை மையத்தில் கட்டில் போட்டு 48 மணி நேரம் படுத்திருந்தார். வசனம் இல்லை, ஆட்டம் பாட்டு இல்லை. தலையணை, போர்வை, படுத்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். இணையத்தில் நேரலையாகவும் போனது. தங்கள் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் படுத்த இடத்திலிருந்தே ட்விட்டரில் கலந்துகொண்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது இதுதான். நாம் வழக்கமாக மேடையைக் கட்டி முடித்துவிட்டு, விழாவுக்கு முந்தின நாள் சாய்தளத்துக்குப் பலகை தேடி அலைவோம். லிஸ் க்ரோவிடம் கலையின் வடிவமே அந்த உடம்பிலிருந்து வந்தது. கட்டிலில் கிடப்பவர்கள்தான் அங்கே முதல் வரிசை.

2015இல் அவர் நதிச் சேற்றை எடுத்து 650 சிறு மனித உருவங்கள் செய்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதிகளும் 650. பிறகு அவற்றைத் தீயில் சுட்டு, பொடித்து, கடலில் கரைத்தார். பிள்ளையாரைக் கரைக்கிற ஊரில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

பலன் என்ன என்று பெற்றோர் கேட்பார்கள். அதே 2015 ஜூன் மாதம், கடுமையான குறைபாடு உள்ளவர்கள் வீட்டோடு வாழ உதவிய சுயவாழ்வு நிதியை அரசு மூடியது. ஆர்ப்பாட்டக்காரர்கள் நாடாளுமன்ற அவையின் வாசல்வரை போய் முட்டிப் பார்த்தும் மூடுவது நிற்கவில்லை. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஓட்டல் விழா விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டனில் ஐடிவி தொலைக்காட்சி 1988 முதல் 'டெலிதான்' என்று ஒரு நாள் முழுக்க நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்தியது. உருக்கமான இசையோடு ஊனமுற்றவர்களைக் காட்டினால் பணம் கொட்டும். 1992 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் லண்டன் ஸ்டுடியோ வாசலில் திரண்டார்கள். கறுப்பு டி-ஷர்ட்டில் இளஞ்சிவப்பு எழுத்தில் அவர்கள் போட்டிருந்த வாசகத்தைக் கூச்சப்படாமல் தமிழில் சொன்னால், 'பரிதாபத்தின் மேல் மூத்திரம் பெய்'. அதற்குப் பிறகு ஐடிவி அந்த நிகழ்ச்சியை நடத்தவே இல்லை. முன்னின்றவர்களில் பார்பரா லிசிக்கி மேடை நகைச்சுவைக்காரர், ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் பாடகர். ஊரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள். அடுத்த வருஷம் ஒரு நேரடிப் போராட்ட அமைப்பைத் தொடங்கினார்கள். ஏற முடியாத பேருந்துகளில் தங்களைக் கைவிலங்கால் பூட்டிக்கொண்டார்கள். மாற்றுத்திறனாளிகள் மீதான பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1995இல் வந்தது. அவர்களால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் இல்லாமல் அந்தக் கதை இல்லை.

ஓட்டல் விழா நடத்தும் அமைப்பிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நிகழ்ச்சியை எங்கள் பிள்ளைகளே தீர்மானிக்கலாமா? ஆடுபவர்களுக்குச் சம்பளம் உண்டா? ரெண்டுக்கும் ஆமாம் என்றால் போங்கள். 'பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புதானே சார்' என்று இழுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நாடகத்துக்குக் கதை தேட வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு காத்திருப்பதையே போடுங்கள். டோக்கன், வரிசை, 'அடுத்த வாரம் வாங்க', அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் குமாஸ்தா, எல்லாம் அங்கேயே இருக்கிறது. காது கேளாத பிள்ளைக்குத்தான் அதிகாரி வேடம். அவர் சைகையில் உத்தரவு போடட்டும், புரியாமல் முழிக்கிற வேலை காது கேட்பவர்களுக்கு இருக்கட்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை வசனம் சொல்ல நேரம் எடுத்தால் யாரும் முந்திக்கொண்டு முடித்து வைக்காதீர்கள், வசனத்தை வெட்டவும் வேண்டாம். ஆபீஸ் வராந்தாவில் அவர் காத்திருக்கும் நேரத்தில் கால்வாசியாவது பார்வையாளர்கள் காத்திருக்கட்டும்.

போலீஸ் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடம் பார்க்கப் போகும்போது முதலில் கழிப்பறையைப் பாருங்கள். சக்கர நாற்காலி உள்ளே போய்க் கதவைச் சாத்த முடியவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். இல்லாவிட்டால் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நடிக்கப்போவது உங்கள் பெண்பிள்ளைகள்தான்.