புதியது வந்தால் பழையது போய்விடுமா?

கேள்வி: மேலாண்மைப் பாடத்தில் வேலையை அளந்து சீராக்கச் சொன்ன டெய்லர், மனித உறவுகளை வலியுறுத்திய மேயோ என்று வரிசையாக வருகிறார்கள். புதுக் கோட்பாடு வந்ததும் பழையது செத்துவிடுகிறதா?

பதில்: இல்லை. பாடப்புத்தகம்தான் அப்படி வரிசை கட்டுகிறது. 1911-இல் வெளியான டெய்லரின் நூலில் மண்வாரி பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒரு வாரலில் 21 பவுண்டு எடை இருந்தால்தான் ஒரு நாளில் அதிக வேலை நடக்கும் என்று அளந்து சொல்கிறார். கனமான தாதுவுக்குச் சிறிய வாரி, லேசான சாம்பலுக்குப் பெரிய வாரி. அந்த நுணுக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் யோசிப்பது மேலாளர், செய்வது தொழிலாளி என்று அவர் கோடு போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மேற்பார்வையாளராக இருந்தவன். இயந்திரம் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பது முதலில் அதை ஓட்டுபவருக்குத்தான் தெரியும். டொயோட்டா இதைப் புரிந்துகொண்டது. கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தச் சாதாரணத் தொழிலாளிக்கு உரிமை கொடுத்தது. அதே சமயம், ஒவ்வொரு வேலைக்கும் நேரம் அளக்கும் டெய்லரின் பழக்கத்தை அங்கே விட்டுவிடவும் இல்லை.

மேயோவின் பெயரோடு பேசப்படும் ஹாதார்ன் ஆய்வுகள், 1924-இல் அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் தொடங்கியவை; அவை வேலையிடத்து மனித உறவுகள் பக்கம் கவனத்தைத் திருப்பின. சரி, ஒரு நிறுவனத்துக்கு எந்த அமைப்புதான் சிறந்தது? 1961-இல் பர்ன்ஸ், ஸ்டாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன பதில்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது: சூழல் நிலையாக இருந்தால் கறாரான அடுக்குமுறை, அடிக்கடி மாறினால் நெகிழ்வான அமைப்பு.