குழுவில் இடமில்லை என்பதை ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்வது எப்படி?

பெசன்ட் நகரில் வாரந்தோறும் கூடும் உங்கள் வாசிப்புக் குழுவில் இனி இடமில்லை என்பதை, சேர விரும்பி எழுதுபவர்களின் மனம் நோகாமல் ஆங்கிலத்தில் எப்படித் தெரிவிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிவைத்த ‘நோ வேகன்சி, கைண்ட்லி டோன்ட் அப்ளை’ என்பது புரியும். ஆனால் ‘வேகன்சி’ விடுதி அறைக்கும் வேலைக்கும் உரிய சொல். ‘கைண்ட்லி’யோ, நம் அலுவலகக் கடிதங்களில் பணிவாக ஒலித்தாலும், ‘டோன்ட்’ உடன் சேரும்போது பிரிட்டிஷ்காரர் காதில் எரிச்சலாகவே விழக்கூடும். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்பதும் வேண்டாம். அது வங்கிக் கடன் மறுப்புக் கடிதத்தின் நடை.

இயல்பானது இது: ‘தேங்க்ஸ் ஃபார் யுவர் இன்டரஸ்ட். ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர் நாட் டேக்கிங் ஆன் நியூ மெம்பர்ஸ் அட் தி மொமென்ட்.’ இங்கே ‘அஃப்ரெய்ட்’ அச்சத்தைக் குறிப்பதன்று, வருத்தத்தைக் குறிப்பது. மறுப்பு குழுவைப் பற்றியதாக இருப்பதையும், கேட்டவரை ‘யூ’ என்று சுட்டாததையும் கவனியுங்கள். ‘வீ கான்ட் டேக் யூ’ என்று எழுதினால், குறை அவரிடம் இருப்பதுபோலத் தொனிக்கும்.

‘அட் தி மொமென்ட்’ என்பது பிறகு இடம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையைத் தருவதால், அந்த எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, ‘வீ ஹேவ் டிசைடட் டு கீப் தி குரூப் ஸ்மால்’ என்று எழுதுவதே நேர்மை. (நம்மூர்ப் ‘பார்க்கலாம்’ என்பதை ‘வீ வில் ஸீ’ என்று எழுதினால், அடுத்த மாதமே மறுபடி கேட்பார்.) காத்திருப்போர் பட்டியல் உண்மையாகவே இருந்தால் மட்டும், ‘ஷல் ஐ ஆட் யூ டு தி வெயிட்டிங் லிஸ்ட்?’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.