பதக்கம் வாங்கியவரும் பயிற்றுவித்தவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ என்று பல கலைகளைச் சேர்ந்த பள்ளிகள் கூடி நடத்தும் எங்கள் சங்கம், சிறந்தவர்களின் பெயரையும் படத்தையும் வைத்துக் கௌரவிக்கும் ஒரு ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கப் போகிறது. தேர்வுக்குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே தகராறு. சர்வதேசப் பதக்கம் வாங்கியவர்களை மட்டும் எடுத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்கிறது ஒரு தரப்பு. போட்டிப் பக்கமே போகாமல் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்களை என்ன செய்வது என்கிறது இன்னொரு தரப்பு. விழாச் செலவுக்குத் தேர்வாகிறவர்களிடமே ஒரு தொகை வாங்கலாம் என்றும் பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாங்காதீர்கள். தற்காப்புக் கலை வட்டாரத்தில் இது பழைய வியாதி: ‘நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்று கடிதம் வரும், கூடவே விருந்துக்கு இவ்வளவு, மோதிரத்துக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியலும் வரும். அந்தக் கேடயத்தை நம்பி வாங்கிச் சுவரில் மாட்டியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, விற்றவர்கள்மேல்தான். பணம் போதவில்லை என்றால் விருந்தை விட்டுவிடுங்கள். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும், மாணவர்கள் எல்லோரும் இருக்கும்போது, அந்தப் பாயின் மேலேயே வைத்துக் கௌரவியுங்கள்.

சரி, பதக்கம். பதக்கக் கணக்கை வைத்தால் கேள்வி வராது என்கிறார்களே, கட்டாயம் வரும். கெய்கோ ஃபுகுதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் பிறந்தவர், ஜூடோவை உருவாக்கிய கனோ ஜிகோரோவிடமே நேரடியாகக் கற்றவர். டான் என்பது கறுப்புப் பட்டைக்குள் இருக்கும் படிநிலை. பெண்களுக்கு 5-ஆம் டானுக்கு மேல் கிடையாது என்று, கனோ தொடங்கிய ஜூடோ பள்ளியான கோடோகன் வைத்திருந்த விதியால் பல ஆண்டுகள் அங்கேயே நிறுத்தப்பட்டார். 1970-களின் தொடக்கத்தில்தான் 6-ஆம் டான் கிடைத்தது. 2006-ல் கோடோகன் 9-ஆம் டான் கொடுத்தது. 2011-ல் அமெரிக்க ஜூடோ அமைப்பு 10-ஆம் டான் கொடுத்தபோது அவருக்கு வயது 98. பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய போட்டியானதே 1992-ல், அவருக்கு 79 வயது ஆனபோது. உங்கள் முதல் தரப்பின் விதிப்படி இவருக்கு இடமே இல்லை.

இன்னொருவர் ரஸ்டி கனோகோகி, அமெரிக்க ஜூடோ வீராங்கனை. 1959-ல் நியூயார்க் மாநில ஒய்.எம்.சி.ஏ. ஜூடோ போட்டியில் காயம்பட்ட ஓர் ஆண் வீரருக்குப் பதிலாக இறங்கினார், முடியை ஒட்ட வெட்டி, மார்பைக் கட்டிக்கொண்டு. ஜெயித்தார், அணியும் ஜெயித்தது. அப்புறம் ஓர் அதிகாரி தனியாக அழைத்து, நீ பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 1980-ல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்தது, நடத்தியவர் அவர்தான், அதற்காகத் தன் வீட்டையே அடமானம் வைத்து. 2009-ல் ஒய்.எம்.சி.ஏ. அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். ஐம்பது ஆண்டு தாமதம், இன்னும் சில மாதம் போயிருந்தால் கையில் வாங்க ஆளே இருந்திருக்க மாட்டார். அதனால் முதல் ஆண்டில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களை முதலில் பாருங்கள், இருபத்தெட்டு வயதுச் சாம்பியன் காத்திருக்கலாம்.

இரண்டு தரப்பும் ஒரே வரிசையில் நின்று மோத வேண்டியதில்லை. பல தற்காப்புக் கலைகளைக் கலந்து மோதும் போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி., 2003-ல் ராய்ஸ் கிரேசி, கென் ஷாம்ராக் என்ற இரண்டு வீரர்களோடு தன் ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கியது. 2015-ல் முன்னோடிகள், நவீன கால வீரர்கள், பங்களித்தவர்கள், மறக்கமுடியாத சண்டைகள் என்று நான்கு பிரிவாக்கியது. அது ஒரு கம்பெனி தன் ஆட்களைத் தானே கௌரவிப்பது என்றாலும் அந்தப் பிரிப்பு நல்ல பிரிப்பு. குத்துச்சண்டைக்கு நியூயார்க் மாநிலத்துக் கனஸ்டோட்டாவில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் பத்திரிகையாளர்களும் வரலாற்றாளர்களும் வாக்களிக்கிறார்கள், வீரர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இவ்வளவு ஒழுங்காக நடக்கும் இடத்திலும், 1990-ல் முதல் தொகுதியைச் சேர்த்தவர்கள் குத்துச்சண்டை வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்க 2020-க்கான தேர்வு வரை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று கடிதத்தில் இல்லை.

மாஸ்டர்களை எப்படி எடைபோடுவது? டான் எவ்வளவு என்று கேட்பதோடு விடாமல் யார் கொடுத்த டான் என்று கேளுங்கள், சான்றிதழ் கொடுத்த அமைப்புக்கே எழுதி உறுதி செய்யுங்கள். தனக்குத் தானே பத்தாம் டானும் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் சூட்டிக்கொண்டவர்கள் எல்லாக் கலையிலும் உண்டு. இப்போது கூட இருக்கும் மாணவர்கள் புகழத்தான் செய்வார்கள். விட்டுப்போனவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடமும், சிறுவயதில் அங்கே படித்தவர்களிடமும் பேசுங்கள், ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் தவறாக நடந்த ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பிறகு இறக்க விதி தேடி அலைவது மிகப் பெரிய கொடுமை. பெயரை நீக்கும் விதியை முதல் பெயரைச் சேர்க்கும் முன்பே எழுதிவையுங்கள். குழுவில் இருப்பவரின் குரு பெயர் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும், நீங்களும்தான்.

தேர்வான ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வேண்டும். ‘கலைக்கு அரும்பணி ஆற்றியவர்’ என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் பொருந்தும். யாரிடம் கற்றார், எதை மாற்றினார், அவரிடம் படித்து இன்று சொல்லிக்கொடுப்பவர்கள் யார் என்று எழுதுங்கள். விழாவில் அதைத் தலைவர் வாசிக்க வேண்டாம், பழைய மாணவர் ஒருவர் வாசிக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் தேர்வானவரிடமே காட்டி, ஆண்டுகளும் அவர் குருவின் பெயரும் சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.