நாலு வரி விளம்பரம்

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் பத்ரிக் மோதியானோவின் மூன்று நாவல்கள் படித்துவிட்டேன். மூன்றிலும் யாரோ காணாமல் போகிறார்கள், வேறு யாரோ ஒரு பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு பாரிஸ் தெருக்களில் அலைகிறார், கடைசியில் ஒன்றும் கிடைப்பதில்லை. இதற்கா 2014-ல் நோபல் கொடுத்தார்கள்?

பதில்: நானும் இரண்டாவது நாவலோடு கடுப்பாகி மூடி வைத்தவன்தான். திரும்ப எடுக்க வைத்தது அவருடைய ‘டோரா ப்ரூடர்’ என்ற புத்தகம். 1941 டிசம்பர் 31 அன்று பாரி-சுவார் நாளிதழில் வந்த சின்ன விளம்பரம் ஒன்றில் அது தொடங்குகிறது. காணவில்லை: டோரா ப்ரூடர், வயது 15, உயரம் 1.55 மீட்டர், சாம்பல் நிறக் கோட்டு, கருநீலப் பாவாடை. தகவல் சொல்ல வேண்டிய முகவரி, 41, ஒர்னானோ பூல்வார். பாரிஸ் அப்போது ஜெர்மானியர் கையில். ப்ரூடர் குடும்பம் யூதக் குடும்பம்.

மோதியானோ இதைப் பார்த்தது 1988-ல். சின்ன வயதில் அம்மாவோடு பழைய சாமான் சந்தைக்குப் போகும்போது நடந்த வீதி அந்த ஒர்னானோ. விடவில்லை மனிதர். அவள் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்க நாலு வருடம், பிறந்த இடத்துக்கு இன்னும் இரண்டு வருடம். 1942 செப்டம்பர் 18 அன்று, பாரிஸ் அருகே யூதர்களை அடைத்துவைத்த த்ரான்சி முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்குக் கிளம்பிய ரயிலில் அவளும் அப்பாவும் இருந்தார்கள்.

முன்பின் தெரியாத பெண்ணுக்காக ஏன் இவ்வளவு பாடு? மோதியானோவின் அப்பாவும் யூதர். அதே காலத்தில் பொய்ப்பெயரில் திரிந்து கள்ளச்சந்தை வியாபாரம் செய்தவர். அம்மா நடிகை, எப்போதும் வெளியூர். பிள்ளைகள் யார் யார் வீட்டிலோ வளர்ந்தார்கள். தம்பி ரூடி 1957-ல் இறந்துபோனான். மோதியானோ பிறந்தது 1945-ல், ஆனால் வெகுகாலம் 1947 என்றே சொல்லிவந்தார். அது தம்பி பிறந்த வருடம். ஆரம்பகாலப் புத்தகங்களும் ரூடிக்குத்தான் சமர்ப்பணம்.

ஒரே கதை என்கிறீர்கள். சரி, அவரே மறுக்கவில்லையே! அப்புறம், ஒன்றும் கிடைப்பதில்லை என்ற புகார். கான்வென்ட் விடுதியிலிருந்து ஓடிப்போன டோரா அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்பதற்கு ஒரு தாளும் அகப்படவில்லை. நாவலாசிரியர்தானே, நாலு அத்தியாயம் இட்டுக்கட்டியிருக்கலாம். செய்யவில்லை. அது அவளுடைய ரகசியம், அவளைப் பிடித்துப்போனவர்களாலும் பறிக்க முடியாதது என்று எழுதி, அப்படியே விட்டுவிட்டார். நீங்கள் படித்த மூன்றில் இது இல்லையென்றால் அடுத்து இதை எடுங்கள், சின்னப் புத்தகம்தான்.