பேய்ப்படம் எடுக்கக் கேட்கும் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். இடையிடையே குறும்படங்களும் எடுப்பேன். திகில்பட இயக்குநராவது பற்றிப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மாங்குளம்): அண்ணா, பேய்ப்படத்தோடு தொடங்கினால் கடைசிவரை பேய்ப்பட ஆள்தானா?

பதில்: பெயர் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க இயக்குநர் சாம் ரைமிக்கும் ஒட்டியது. 1978இல் நண்பர்களோடு அரைமணி நேரப் படம் ஒன்றை எடுத்தார். பணம் போடக்கூடியவர்களுக்குப் போட்டுக் காட்டத்தான். பல் வைத்தியர்கள் உட்பட ஊர்க்காரர் கொடுத்த காசில், காட்டுக் குடிசையில் எடுத்த ‘ஈவில் டெட்’ 1981இல் வந்தது. ‘ஸ்பைடர்மேன்’ வந்தது 2002இல். இடையில் கௌபாய் படம், குற்றக்கதை, தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பு என்று எல்லாம் செய்தார். கதை சொல்பவர்கள் அந்த இருபத்தொரு வருடத்தை விழுங்கிவிடுவார்கள், தம்பி.

கேள்வி (முல்லைத்தீவு): வேலையை விடாமல் எடுக்கலாமா?

பதில்: பின்னாளில் ‘லோர்ட் ஒஃப் த றிங்ஸ்’ எடுத்த பீற்றர் ஜாக்சன் தன் முதல் முழுநீளப் படத்தை அப்படித்தான் எடுத்தார். வார இறுதிகளில் நாலு வருடம். 1987இல் படம் வெளியானது. முகமூடிகளை வேக வைத்தது அம்மாவின் அடுப்பில். நீங்கள் அம்மாவிடம் முதலே கேட்டுவிடுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): தொலைக்காட்சியில் இயக்கினால் சினிமாவுக்கு உதவுமா, அண்ணா?

பதில்: உதவும், தங்கச்சி. அமெரிக்கத் தொடர்களில் இயக்குநர் பெரும்பாலும் விருந்தாளி. தொடரின் போக்கைத் தலைமை எழுத்தாளர் தீர்மானிப்பார். இயக்குநர் ஓர் அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் நாளுக்குள் முடிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். ஸ்பீல்பேர்க் அப்படிப் பழகியவர். 1971இல் தொலைக்காட்சிக்காக ‘டூயல்’ எடுத்தார்: ஒரு காரை லொறி ஒன்று துரத்துகிறது, லொறிக்காரனின் முகம் கடைசிவரை தெரியாது. ஏ9 வீதியில் இரவில் டிப்பர் பின்னால் ஒட்டி வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை. நாலு வருடத்தில் ‘ஜோஸ்’. அதிலும் சுறா வெகுநேரம் கண்ணில் படாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): இடிந்த வீடுகளில் இரவில் எடுக்கலாமா?

பதில்: மிதிவெடிப் பலகை இருந்தால் பகலிலும் கால் வைக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் உரிமையாளரைக் கேளுங்கள். அந்தச் சுவர்களைப் பேய்வீடாக்க எனக்கு மனம் வராது. அங்கே இருந்தவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். கடைசிப் படத்தை எங்கள் வளவுக் கிணற்றடியில் ஒரு ரோர்ச் வெளிச்சத்தில் எடுத்தேன். கப்பி கிரீச்சிட்டதற்குப் பக்கத்து வளவு நாய் விடியும்வரை குரைத்தது. அதையும் பதிவு செய்து வைத்துக்கொண்டேன்.