அந்த உதவி யார் வீட்டுக்குப் போனது?

கேள்வி: எகிப்துக்கு வருஷா வருஷம் இவ்வளவு உதவி செய்தும், அங்குள்ள மக்களுக்கு அமெரிக்கா மீது ஏன் இத்தனை கோபம்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: உதவியா? 1979இல் இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம் போட்டதற்காகக் கிடைப்பது அது. 1987 முதல் ராணுவத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 130 கோடி டாலர். அதுவும் எஃப்-16 விமானம், ஏப்ரம்ஸ் டாங்கி என்று அமெரிக்க ஆயுதக் கம்பெனிகளுக்கே திரும்பிப் போய்விடும். கெய்ரோவின் சாக்கடைத் திட்டத்துக்கும் அமெரிக்கா பணம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வகைப் பணம் தேய்ந்துகொண்டே வந்தது, ராணுவப் பங்கு தேயவில்லை.

கொடுப்பவன் கையில் கடிவாளமும் இருக்கும். 1960களில் அமெரிக்க அதிபர் ஜான்சன், எகிப்து அதிபர் நாசருக்குக் கோதுமையை நிறுத்தினார். வியட்நாம் போர் பற்றி வாய் திறந்த நமக்கும் கோதுமைக் கப்பலை இழுத்தடித்தார். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் தீராத ஆதங்கம்.

2011 ஜனவரியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஆட்சியை எதிர்த்து 'ரொட்டி, விடுதலை, சமூக நீதி' என்று முழங்கியவர்கள் மீது போலீஸின் கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தது. காலிக் குப்பியை எடுத்துப் பார்த்தால், பென்சில்வேனியா மாநிலம் ஜேம்ஸ்டவுனில் செய்தது என்று அச்சடித்திருக்கிறது. கண் எரிய எரிய அதைக் கேமரா முன் தூக்கிக் காட்டினார்கள். முஸ்லிம் உலகத்துடன் புதிய தொடக்கம் வேண்டும் என்று 2009இல் ஒபாமா பேசியதும் அதே கெய்ரோவில்தான்.

அமெரிக்காவுக்குத் தெரியாமலும் இல்லை. அறுபது ஆண்டுகளாக ஜனநாயகத்தைப் பலி கொடுத்து நிலைத்தன்மையைத் தேடினோம், இரண்டுமே கிடைக்கவில்லை என்று 2005இல் கெய்ரோவிலேயே ஒப்புக்கொண்டார் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோண்டலீசா ரைஸ். அடுத்த வருஷம் பாலஸ்தீனத் தேர்தலில் அமெரிக்கா விரும்பாத ஹமாஸ் இயக்கம் ஜெயித்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

2013இல், தேர்தலில் வென்ற எகிப்து அதிபர் முர்சியை ராணுவம் தூக்கி எறிந்தபோது, 'மதவாதி தொலைந்தான், விடுங்கள்' என்று எனக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. அன்றும் சண்டை போட்டேன், இன்றும் போடுவேன். முர்சியின் ஆட்சி எனக்கும் பிடிக்கவில்லை. அதற்காக? ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி ஆதரவாளர்கள் மீது நடந்த தாக்குதலில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கெடுத்தது. ராணுவப் புரட்சி நடந்த நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்த வார்த்தையையே வாஷிங்டன் உச்சரிக்கவில்லை. பேருக்குச் சிலவற்றை நிறுத்தி வைத்து, 2015 மார்ச்சில் எஃப்-16களை அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டார்கள்.